வனிலா மணம்

1867 நவம்பர் 12

இரைப்பு எந்த நாளில் வருகிறது, என்ன தின்ற பிறகு வருகிறது என்று எழுதிவைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் இந்த நோட்டு. நேற்று மழை. கருவாட்டுக் குழம்பு. விடியற்காலையில் மூச்சு முட்டியது.

காரைக்காலிலிருந்து இந்தப் பூர்போன் தீவுக்கு வந்து நாலு வருஷமாகிறது. முசே ருவலானின் தோட்டத்தில் துபாசி வேலை. அவர் பிரெஞ்சில் சொல்வதை நம் கூலிகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை அவருக்குப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம். பிறகு கப்பல் ஏறலாம். என் மகள் இந்நேரம் என் பேரை எழுதப் பழகியிருப்பாள்.

இப்போது பூவேலை நடக்கிறது. வனிலாக் கொடியில் பூ காலையில் விரிந்து உச்சிக்குள் வாடிவிடும். மகரந்தம் சேர்க்கிற பூச்சி இந்தத் தீவில் இல்லை. பெண்கள்தான் கொடி கொடியாகப் போய், மூங்கில் சிம்பால் பூவுக்குள் இருக்கும் மெல்லிய திரையைத் தூக்கி, ஆண் பாகத்தைப் பெண் பாகத்தின் மேல் கட்டைவிரலால் அழுத்துகிறார்கள். துரைமார் இதைக் கலியாணம் என்கிறார்கள். நம் பெண்களும் “இன்னிக்கி எத்தனை முகூர்த்தம்டி?” என்று கேட்டுச் சிரித்துக்கொள்கிறார்கள். கலியாணமான பூதான் காயாகும். அந்தக் காயைப் பதப்படுத்தினால் வனிலா. சீமையில் அது இல்லாமல் இனிப்புப் பலகாரமே இல்லையாம்.

இவர்களில் செங்கமலம் என்பவளுக்குக் கை வேகம் அதிகம். இன்று அவள் ஒரு பூவைக் கிழித்துவிட்டாள். மேஸ்திரி பெலிசியான் அவள் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தான். வளைத்துக்கொண்டே போனான். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் புருஷன் காத்தமுத்து கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அவன் முகத்தில் பிரம்பு விழுந்தது. புருவம் பிளந்து கண்ணெல்லாம் ரத்தம்.

முசே ருவலான் குதிரைமேல் இருந்தபடியே சொன்னார்: “இன்னும் ஓர் அடி முன்னால் வைத்தால் இவன் பெண்சாதியின் மற்ற விரல்களையும் ஒடிக்கச் சொல்வேன் என்று சொல்.”

நான் காத்தமுத்துவிடம், “தொரை கோவமா இருக்காரு. பின்னால போயிடுப்பா, நான் பாத்துக்குறேன்” என்றேன். அவன் போய்விட்டான். உள்ளது உள்ளபடி சொல்லியிருந்தால் இன்று ஒரு கொலை விழுந்திருக்கும். இடையில் நான் இருப்பது எத்தனை பேருக்கு நல்லது என்று யாருக்கும் தெரியாது.

நவம்பர் 17, ஞாயிறு

இரைப்பு மிகக் கடுமை. உட்கார்ந்தபடியே இருந்தேன். மத்தியானம் காத்தமுத்து வந்தான். புருவத்தில் தையல் போட்டிருந்தது. இடுப்பு மடியிலிருந்து நீளநீளமான காய்ந்த இலைகளை எடுத்து வைத்தான். வீடெங்கும் வனிலா மணமும் வாதுமை மணமும் கலந்து வீசியது.

“ஃபகாமுன்னு பேருங்களாம். மேக்காட்டுல மரத்துல ஒட்டிக்கிட்டு மொளைக்குது. வெறகு வெட்டுற கிரியோல்காரன் காட்டுனான். பச்சையில மணமே இருக்காது, காய்ஞ்சாத்தான். கொதிக்கவச்சுக் குடிச்சா இழுப்பு வுட்டுப் போவும்னான்.”

“இது என்ன செடி?”

“நம்மூர்ல மாமரத்துல ஒட்டி மொளைக்குமே, காதுவலிக்கு வைத்தியரு சாறு புழிஞ்சு வுடுவாரே, அதோட சாடைங்க. நீங்க அன்னிக்கி எங்களுக்காவப் பேசுனீங்க. அதான்.”

கஷாயம் தேன்நிறத்தில் இறங்கியது. லேசான கசப்பு. குடித்துக் கொஞ்ச நேரத்தில் மார்பில் ஏறியிருந்த கல் இறங்கியது போல இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு படுத்துத் தூங்கினேன்.

நவம்பர் 20

மருத்துவரிடம் ஃபகாம் பற்றிச் சொன்னேன். சிரித்தார். பிறகு, அதுவும் வனிலாவும் ஆர்க்கிட் என்ற ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்றார். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த கிரியோல்கள் இருமலுக்குக் காய்ச்சிக் குடிப்பார்களாம், சாராயத்திலும் ஊறப்போடுவார்களாம். “உனக்குக் கேட்கிறதென்றால் குடி. ஆனால் யார் பறித்து வந்தது?”

கடையில் வாங்கினேன் என்றேன். மேல்காட்டுக்குக் கூலிகள் போகக் கூடாது என்பது முசே ருவலானின் கண்டிப்பான உத்தரவு. ஓடிப்போனவர்கள் அங்கேதான் ஒளிகிறார்கள். திருட்டுச் சரக்கு அங்கேதான் கைமாறுகிறது. கூலியை அங்கே அனுப்புகிறவன் யாராயிருந்தாலும் அவன் ஒப்பந்தத்தை இன்னும் ஐந்து வருஷம் நீட்டிவிடுவார்.

நான் யாரையும் அனுப்பவில்லை. காத்தமுத்து தானாகத்தான் போகிறான். தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்வேன்.

1868 பிப்ரவரி 9

புயல். மரம் விழுந்து குடியிருப்பில் இருவர் செத்தார்கள். முசே ருவலான் முதலில் கேட்டது கொடிகளைப் பற்றி.

ஜூலை 6

அறுவடை. காய்களைச் சூடான நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வேர்க்கவைத்து, பிறகு களத்தில் வெயில் காட்டுகிறார்கள். பச்சையாக இருக்கும்போது ஒரு மணமும் இல்லாத காய் கறுக்கக் கறுக்க மணக்கிறது. கொட்டகையில் செங்கமலத்தைப் போட்டிருக்கிறார்கள். ஒடிந்த விரல் கோணலாகக் கூடியிருக்கிறது. ஆனாலும் அவள் தொட்டே பதம் சொல்லிவிடுகிறாள். கூட வேலை செய்கிற கிரியோல் பெண்களோடு ஏதோ பேசிச் சிரிக்கிறாள். சைகையாக இருக்கும்.

துரைசானி நரம்புத் தளர்ச்சிக்கு வனிலா ஊறிய ஒயின் குடிக்கிறாள். இருந்தும் பகலெல்லாம் பாத்திரங்களை விட்டெறிகிறாள்.

ஆகஸ்ட் 1

கொட்டகையிலிருந்து பதமான காய்கள் காணாமல் போகின்றன. பெலிசியான் மாலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கைகளை மோந்துபார்க்கிறான். கொட்டகையில் வேலை செய்கிற எல்லோர் கையும் மணக்கத்தான் செய்யும். அதற்கும் அடிக்கிறான்.

எனக்கு மூன்று நாளாக இழுக்கிறது. இலை தீர்ந்துவிட்டது. காத்தமுத்துவிடம் சொன்னேன். “இப்பக் கெடுபிடியா இருக்குதுங்களே” என்று தலையைச் சொறிந்தான். முடியாவிட்டால் வேண்டாம் என்றேன். இருமல் வந்துவிட்டது. “சரிங்க, ஞாயித்துக்கெழம பாக்குறேன்” என்றான்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

நடந்ததை எழுதிவைக்கிறேன்.

காத்தமுத்து காட்டிலிருந்து இறங்கும்போது பெலிசியான் பிடித்துவிட்டான். பையிலிருந்து வந்த மணம்தான் காரணம். களத்துக்கு இழுத்துவந்தார்கள். பையைக் கொட்டினால் இலைதான் இருந்தது. பெலிசியான் சொன்னான்: “காயை மேலே விற்றுவிட்டான். மணத்தை மறைக்க இந்த இலையைப் போட்டுக்கொண்டு வருகிறான்.” அது புத்திசாலித்தனமான பேச்சாக முசே ருவலானுக்குப் பட்டது. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“காட்டுக்கு ஏன் போனாய் என்று கேள்.”

கேட்டேன்.

காத்தமுத்து என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தான். “நல்லவேளை வந்தீங்க. உங்க எரைப்புக்குத் தழை எடுக்கத்தானங்க போனேன்? நீங்களே சொல்லிடுங்க தொரைகிட்ட.”

“இலை பறிக்கப் போனானாம்” என்று பிரெஞ்சில் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

“யாருக்கு?”

களம் பூராவும் காய் காய்ந்துகொண்டிருந்தது. அந்த மணத்தில் எனக்குத் தலை சுற்றியது. ஐந்து வருஷம் என்று நினைத்தேன். மகள் முகம் சரியாக நினைவுக்கு வரவில்லை. “சொல்ல மாட்டேன் என்கிறான்” என்றேன்.

இரண்டு அடி விழுந்தால் விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். வழக்கமாக அப்படித்தான். ஆனால் சொல்ல மாட்டேன் என்கிற வார்த்தை முசே ருவலானைக் கொளுத்திவிட்டது. கூட்டாளியைக் காப்பாற்றுகிறான் என்று கத்தினார். கம்பளி காயப்போடும் கட்டையில் அவனைக் குப்புறக் கட்டினார்கள். பெலிசியான் பிரம்பை நீரில் நனைத்துக்கொண்டான். முதுகுத் தோல் பிரம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிரம்பு முறிந்ததும் வண்டிக் கட்டையை எடுத்தான்.

ஒவ்வோர் அடிக்கும் காத்தமுத்து கத்தினான். “ஐயா, சொல்லுங்க ஐயா! உங்களுக்குத்தான்னு சொல்லுங்க ஐயா!”

“என்ன சொல்கிறான்?” என்று முசே ருவலான் கேட்டார்.

“மன்னிப்புக் கேட்கிறான்” என்றேன்.

“மன்னிப்பு வேண்டாம், பெயர் வேண்டும்.”

விலா எலும்புகள் உள்ளே போனபோது கத்தல் நின்றது. வாயில் நுரையும் ரத்தமும் வந்தது. ஆஸ்பத்திரி அறைக்குத் தூக்கிப்போனார்கள். கொட்டகை வாசலில் ரொசாலி என்கிற கிரியோல் பெண் மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு எனக்கு இழுப்பு வந்துவிட்டது. இலை களத்தில் சிதறிக் கிடந்தது. வீணாகப் போக வேண்டாமென்று பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 10

இரைப்பு இல்லை.

காத்தமுத்துவைப் போய்ப் பார்த்தேன். செங்கமலம் கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து அவன் வாயில் பிழிந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அது சிவப்பாகத் திரும்பி வந்தது.

“நீங்க சொல்லியும் கேக்கலியேங்க பாவிங்க” என்றான்.

கஞ்சிக் கிண்ணத்தில் மொய்த்த ஈயை விரட்டினேன்.

“பையைப் புடுங்கிக்கிட்டாங்க. தழை போச்சு. உங்களுக்கு இழுத்தா என்ன பண்ணுவீங்க?”

“நீ பேசாத. படுத்துக்க” என்றேன். செங்கமலம் எனக்கு உட்கார முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

ஆகஸ்ட் 12

காலையில் காத்தமுத்து இறந்தான். காய்ச்சல் என்று பதிவாகியிருக்கிறது.

ஆகஸ்ட் 20

திருட்டு நிற்கவில்லை. நேற்றும் ஒரு கட்டு போயிருக்கிறது. முசே ருவலான் பெலிசியானை வெறித்துப் பார்த்தார். பெலிசியான் உடனே, “செத்தவனின் கூட்டாளி இன்னும் இருக்கிறான்” என்றான். வரிசையில் நின்றவர்களில் கையில் கிடைத்த ஆளை இழுத்து உதைத்தான். அவனுக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது.

காத்தமுத்து திருடவில்லை என்று இப்போது தோட்டத்துக்கே தெரியும். எனக்கும் நிம்மதி, அவன் பேர் சுத்தமாயிற்று.

ஆகஸ்ட் 23

செங்கமலம் என்னைப் பார்த்தும் வணக்கம் சொல்லாமல் போனாள். துக்கத்தில் இருப்பவள்.

ஆகஸ்ட் 29

செங்கமலத்தைக் காணவில்லை. ஓடிவிட்டாள் என்று பெலிசியான் நாய்களைக் கொண்டு காட்டைத் தேடினான். ஆனால் அவள் காட்டுக்குப் போகவில்லை. கடற்கரைச் சாலையில் நடந்தே நகரத்துக்குப் போய், கூலிகளின் குறை கேட்கிற அதிகாரியின் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த வாரம் விசாரணைக்கு வருகிறாராம். மொழி தெரியாத பெண் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று தெரியவில்லை.

முசே ருவலான் என்னைக் கூப்பிட்டு, “அவள் என்ன சொன்னாலும் நீதான் சொல்லப்போகிறாய்” என்றார். புரிந்தது என்றேன். தோளில் தட்டினார். முதல் தடவையாக எனக்கு ஒரு குவளை ஒயின் கொடுக்கச் சொன்னார்.

செப்டம்பர் 4

அதிகாரி பகல் சாப்பாட்டுக்கு வந்தார். பாலும் முட்டையும் வனிலாவும் சேர்த்து உறையவைத்த இனிப்பை இரண்டு முறை கேட்டு வாங்கினார். தாழ்வாரத்திலேயே விசாரணை. தொழிலாளர்கள் எல்லோரும் முற்றத்தில். பெலிசியான் தூணில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

செங்கமலம் நடுவில் நின்றாள். குரல் உயர்த்தாமல் பேசினாள்.

“எம் புருசன் தழை எடுக்கத்தான் காட்டுக்குப் போனாரு. இதோ நிக்கிறாரே இந்தத் துபாசிக்கு. அன்னிக்கி அவரு சொன்னதை இவரு சொல்லல. சொல்லியிருந்தா அவரு உசுரோட இருப்பாரு. அதுக்கப்புறம் இந்த மேஸ்திரி அடிச்சே கொன்னான். தொரை நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு.”

அதிகாரி என்னைப் பார்த்தார்.

“தன் புருஷன் நல்லவன் என்கிறாள். இலை பறிக்கப் போனவன் காய்ச்சல் கண்டு இறந்தான் என்கிறாள். துக்கத்தில் இருக்கிறாள்” என்றேன்.

அவள் அதிகாரியைப் பார்த்து நேராகச் சொன்னாள்: “லி லா மாந்தி.”

கிரியோல் மொழியில், அவன் பொய் சொன்னான் என்று அர்த்தம். அதோடு நிற்கவில்லை. நான் சொல்லாமல் விட்டதை முழுக்க, கொட்டகைப் பெண்களிடம் கற்ற அந்த உடைந்த மொழியில், ஒன்று விடாமல் சொன்னாள். அன்று நான் பிரெஞ்சில் சொன்னது என்னவென்று ரொசாலி சொல்லித்தான் தெரிந்தது என்றும் சொன்னாள். ரொசாலியும் முன்னால் வந்து நின்றாள்.

அதிகாரி என்னிடம் கேட்டார்: “அந்த இலை உனக்கா?”

எனக்கு மூச்சு வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முசே ருவலான் எழுந்து கைகளை விரித்தார். “பார்த்தீர்களா? இவன் உள்ளதைச் சொல்லியிருந்தால் நாங்கள் அவனைத் தொட்டிருப்போமா? தவறான வார்த்தையால் ஏமாற்றப்பட்டோம்” என்றார். அதிகாரியின் முகத்தில் ஒரு பெரிய ஆறுதல் தெரிந்தது. துபாசியின் பொய்யால் நேர்ந்த துர்ச்சம்பவம் என்று எழுதினார். பெலிசியானுக்கு ஓர் எச்சரிக்கை. எனக்குத் துபாசி வேலை போயிற்று, ஒப்பந்தம் ஐந்து வருஷம் நீண்டது.

தீர்ப்பைக் கூலிகளுக்குத் தமிழில் சொல்லும்படி என்னிடமே சொன்னார்கள். சொன்னேன். செங்கமலம், “அப்ப அடிச்சவனுக்கு?” என்று கேட்டாள். அதை மொழிபெயர்க்க யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 5

கூலிகளின் குடியிருப்பில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். வாசலில் இடறி விழுந்துவிட்டேன். முன்பல் இரண்டு போயிற்று, இடது கை மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. விழுந்த பிறகும் நம் ஆட்கள் உதைத்தார்கள்.

செப்டம்பர் 8

கொட்டகையில் காய் பிரிக்கும் வேலை. செங்கமலத்துக்கு எதிர்ப்பக்கம். அவள் என்னைப் பார்ப்பதில்லை. தண்ணீர்ப் பானையை நான் தொட்டால் அதை யாரும் பிறகு தொடுவதில்லை.

பெலிசியான் போகிறபோதெல்லாம் என் முதுகில் தட்டி, “என் உயிரைக் காப்பாற்றினாய், துபாசி” என்று சிரிக்கிறான். இன்று அவளுக்குக் கேட்கிறாற்போலவே சொன்னான்.

செப்டம்பர் 11

இரைப்பு. இலை இல்லை.

செப்டம்பர் 15

பெலிசியான் செத்துவிட்டான்.

நல்ல வெயில். களத்தில் கம்பளி விரித்துக் காயைப் பரப்பியிருந்தோம். காயைக் கட்டும் நாரை வெட்டச் செங்கமலத்திடம் ஒரு கரும்புக் கத்தி உண்டு, எல்லோரிடமும் இருப்பதுதான். பெலிசியான் வந்து குந்தி உட்கார்ந்தான். ஒரு காயை எடுத்து வளைத்துப் பார்த்தான். மோந்து பார்த்தான். அவள் அவனுக்குப் பின்னால் நின்று நார் வெட்டிக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தினாள்.

முதல் வெட்டு பிடரியில் விழுந்தது. அவன் கையிலிருந்த காயை விடாமலே முன்னால் சாய்ந்தான். இரண்டாவது காதோடு தாடையைத் திறந்தது. அவன் திரும்பிக் கையைத் தூக்கினான். இரண்டு விரல் கம்பளிமேல் விழுந்தது. அதற்குப் பிறகும் அவள் வெட்டினாள். விறகு வெட்டுகிற மாதிரி, ஒவ்வொரு வெட்டுக்கும் காலை நன்றாக ஊன்றிக்கொண்டு வெட்டினாள். யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. பெண்கள் கத்தக்கூட இல்லை. அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அடங்கும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு ரத்தம் படாத காய்களைப் பொறுக்கி வேறு கம்பளிக்கு மாற்றத் தொடங்கினாள். துரையின் ஆட்கள் வந்து பிடிக்கிறவரை அதைச் செய்துகொண்டிருந்தாள்.

செப்டம்பர் 16

சீமையிலிருந்து புதிதாக வந்த காவல் அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். நரைத்த மீசை, களைத்த முகம். அவருக்குக் கிரியோல் புரியவில்லை. வாக்குமூலம் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பக்கத்தில் வேறு துபாசி இல்லை. என்னைக் கொட்டகையிலிருந்து கூட்டிவரச் சொன்னார்கள்.

காய் எடை போடும் அறையில் செங்கமலத்தைக் கட்டிவைத்திருந்தார்கள். முசே ருவலானின் ஆட்கள் ஏற்கெனவே அடித்திருந்தார்கள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும், “இவனா?” என்றாள். பிறகு, “சரி. சொன்னதை அப்படியே சொல்லணும். எனக்குப் புரியும்” என்றாள்.

“அவன் உன்மேல் கை வைத்தானா? பலவந்தம் செய்ய வந்தானா?” என்று கேட்டார் காவலர். மெதுவாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு என்னையும் பார்த்தார். அவர் ஒரு வாசலைத் திறந்துவிடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. தற்காப்பு என்றால் தலை தப்பும்.

கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு, அதே குரலில், “ஆமான்னு சொல்லும்மா. பொழைச்சுக்குவ” என்றேன்.

அவள் காவலரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இல்ல. அவன் குந்திக்கிட்டுக் காயைப் பாத்துக்கிட்டிருந்தான். எம் மொகத்தக்கூடப் பாக்கல. நான்தான் வெட்டுனேன். தெரிஞ்சு, நெனைச்சு, ரெண்டு நாளு கத்தியத் தீட்டி வெட்டுனேன். சொல்லு.”

“யோசிச்சுச் சொல்லு. கழுத்தை வெட்டிடுவாங்க.”

“எம் புருசன் உசுரு ஒரே வெட்டுலயா போச்சு? சொல்லுய்யா. இந்த ஒரு தடவயாச்சும் சொல்லு.”

சொன்னேன். நான் சொல்லச்சொல்ல அவள் உதடு அசைந்தது. ஒவ்வொரு வார்த்தையாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். காவலர் எழுதுகோலைத் தூக்கிப்பிடித்தபடி, “நிச்சயமாகவா?” என்று கேட்டார். “நிச்சயமாக” என்றேன். அவர் எழுதினார்.

“ஏன் செய்தாள்?”

“எம் புருசனைக் கொன்னாங்க” என்றாள். “அவரு பேரு காத்தமுத்து. பேரையும் எழுதச் சொல்லு. இங்க எல்லாத்துக்கும் நம்பருதான் போடுறாங்க.”

பேரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். காவலர் இரண்டு முறை தப்பாக எழுதி மூன்றாம் முறை சரியாக எழுதினார்.

செப்டம்பர் 17

இன்று அவளை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். கிளம்பும் முன் வாக்குமூலத்தைப் படித்துக்காட்ட வேண்டும் என்பதும் சட்டமாம். வண்டியருகில், எல்லோரும் பார்க்க, நின்று படித்தேன். பிரெஞ்சில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி.

‘என் புருஷன் காத்தமுத்து இறந்ததால் இதைச் செய்தேன்’ என்ற இடம் வந்ததும் அவள் கையை உயர்த்தினாள். இரண்டு கையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

“நான் செத்தாருன்னா சொன்னேன்?”

காகிதத்தைப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. நேற்று நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. வாயில் அதுதான் வந்திருக்கிறது.

“கொன்னாங்கன்னு சொன்னேன். மாத்தச் சொல்லு.”

காவலரிடம் சொன்னேன். அவர் வண்டிச் சக்கரத்தின்மேல் காகிதத்தை வைத்து, அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே ‘கொன்றார்கள்’ என்று எழுதினார். பிறகு நிமிர்ந்து, “யார் யார்?” என்று கேட்டார்.

கேட்டேன்.

செங்கமலம் கட்டிய கைகளை நீட்டி, ரத்தக்கறை போகாத களத்தைக் காட்டினாள். திரும்பி, மாடியில் திரைச்சீலைக்குப் பின்னால் முசே ருவலான் நின்றுகொண்டிருந்த ஜன்னலைக் காட்டினாள். கடைசியாக என்னைக் காட்டினாள்.

காவலர் மைக்கூட்டில் எழுதுகோலைத் தொட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். மூன்று பெயர்களையும் சொன்னேன். என் பெயருக்கு எழுத்துக்கூட்டச் சொன்னார். கூட்டினேன். அ-ரு-ள-ப்-ப-ன்.